கேட்டுத் தொடுகிறவள்

அவள் வீட்டு விருந்துக்குப் போகிறவர்கள் தங்கள் வீட்டில் ஒரு பிடி சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. சமையலைக் குறை சொல்லவில்லை. மன்னார்க்காரி, அவள் வைக்கிற மீன்குழம்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பசிக்கும். பிரச்சினை பரிமாறுகிற இடத்தில்தான். "இன்னும் கொஞ்சம் போடட்டே அண்ணை?" என்று கேட்பாள். நாங்கள் முறைப்படி "ஐயோ, காணும் காணும்" என்று தட்டுக்கு மேலே கையை விரிப்போம். எங்கள் ஆட்களின் வீடுகளில் என்றால் அந்தக் கையைத் தள்ளிவிட்டு இரண்டு அகப்பை சோறு வந்து விழும். விழவேண்டும். அவளோ "சரி அண்ணை" என்று சட்டியை மூடிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவாள்.

முதல்முறை போய்வந்த அன்று என் மனுசி காரில் ஏறியதும் ஏறாததுமாக, "சரியான கஞ்சப் பிசினாரி" என்றாள். வீட்டுக்கு வந்து நானும் அவளும் பாணும் சம்பலும் சாப்பிட்டோம்.

கஞ்சம் இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. ஒருவர் வேண்டாம் என்றால் அவளுக்கு அது வேண்டாம். ஓம் என்றால் ஓம். கேட்பாள், முதலில் வருகிற பதிலை எடுத்துக்கொள்வாள், அதோடு விஷயம் முடிந்தது. உபசாரத்துக்கு ஒருதரம், மரியாதைக்கு ஒருதரம், உண்மைக்கு ஒருதரம் என்று எதையும் மூன்றுதரம் கேட்டுப் பழகிய சனம் நாங்கள். எங்களுக்குள் இவள் எப்படி வந்து பிறந்தாள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

பெயரை எழுதமாட்டேன். எழுதட்டோ என்று அவளிடம் கேட்கவேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாள். பிறகு இதை எழுதவே முடியாது. இப்போது அவள் லண்டனில் இல்லை. கணவனின் வேலை மாறி ஸ்கொட்லாந்துப் பக்கம் போய்விட்டார்கள். என்னைவிடப் பதினாறு வயது இளையவள். நான் அவளைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன்.

அந்தக் கணவன் சொன்ன கதை ஒன்று உண்டு. கலியாணம் பேசி முடித்த பிறகு அவள் இவனுக்குப் போன் எடுத்து, "உங்களுக்கு விருப்பமோ?" என்று கேட்டிருக்கிறாள். இவன் வெட்கத்தில், "அம்மாவுக்குப் பிடிச்சிருக்கு" என்றிருக்கிறான். "அப்ப உங்களுக்கு இல்லை. சரி" என்று போனை வைத்துவிட்டு, மாதா கோவிலில் கலியாண அறிவித்தல் ஓலை வாசிக்க இருந்ததை நிறுத்தச் சொல்லிவிட்டாள். இரண்டு குடும்பமும் தலையில் கை வைத்தது. இவன் பத்துப் பதினைந்து நாள் அழுங்கிக் கிடந்துவிட்டு, கடைசியில் தானே போன் எடுத்து, "எனக்குத்தான் விருப்பம், அம்மாவை விடுங்கோ" என்று கத்தினானாம். "அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றாளாம் அவள்.

நான் அவளைச் சந்தித்தது குதிரைகளுக்கு நடுவில். சிரிக்கவேண்டாம். எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து, சலரோகம் என்கிற சீனி வருத்தமும் சேர்ந்து, வேலையை விட்டு வீட்டில் இருந்த காலம் அது. நாள் முழுக்கச் செய்தி பார்த்து மனுசியோடு கொழுவிக்கொண்டிருந்தேன். டொக்டரின் இடத்தில் ஒரு தாதி, வெளியில் போய்ச் செய்கிற தொண்டு வேலைகள் என்று ஒரு தாளைத் தந்தாள். அதில் தோட்டம் இருந்தது, வாத்துக் கணக்கெடுப்பு இருந்தது, குதிரை இருந்தது. எங்கள் வீடு இருக்கிற குட்மேய்ஸில் இருந்து இரண்டு பஸ் எடுத்து, களஞ்சியங்களையும் மின்கம்பங்களையும் தாண்டி நடந்தால் ஆற்றோரச் சதுப்பில் அந்த லாயம். மலைகளில் மனித முகம் பாராமல் வளர்ந்த குதிரைகளும், யாரோ வீதியோரம் விட்டுவிட்டுப் போன கழுதைகளும் அங்கே வரும். தொண்டர்கள் அவற்றை மெல்ல மெல்ல ஆளுக்குப் பழக்குவார்கள். தொடப் பழக்கி, தலைக்கயிறு போடப் பழக்கி, குளம்பு வெட்டக் காலைத் தூக்கித் தரப் பழக்கி, கடைசியில் நல்ல குடும்பம் ஒன்று கிடைத்தால் கொடுத்துவிடுவார்கள்.

முதல் நாள் போனபோது, முழங்கால்வரை சப்பாத்துப் போட்ட ஒரு தமிழ்ப் பெண் வேலிக்குள் நின்று ஒரு குதிரையிடம், "தொடட்டே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தமிழில். எனக்குக் கண்ணையும் நம்பமுடியவில்லை, காதையும் நம்பமுடியவில்லை.

"அதுக்குத் தமிழ் விளங்குமே பிள்ளை?" என்றேன்.

"இங்கிலிசும்தான் விளங்காது அண்ணை" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

அவள் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். குதிரையின் காது பின்னால் போனாலோ, கண்ணின் வெள்ளை தெரிந்தாலோ அது இல்லை என்று அர்த்தம். "சரி" என்று இரண்டடி பின்னுக்கு வருவாள். அது அசையாமல் நின்றால் ஓம். அப்போதும் தோளில் ஒரு கணம்தான் கை வைப்பாள். அது விலக நினைக்கும் முன் தானே கையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். குதிரைக்குக் கொடுக்கிற பரிசு அதுதானாம், ஆள் விலகிப் போவது. எங்கள் சொந்தக்காரர் சிலர் வந்துபோகும்போது எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பகிடியை விளங்கிக்கொள்வதில் கொஞ்சம் பின்னுக்குத்தான்.

அவளுக்கு உத்தியோகம் ஆஸ்பத்திரியில், இரத்தம் எடுக்கிற பகுதியில். அங்கேயும் இதே கேள்விதான், "குத்தட்டே?" எல்லாத் தாதிகளும் கேட்பார்கள், கேட்டபடியே குத்திவிடுவார்கள். இவள் பதிலுக்குக் காத்திருப்பாள். ஒருநாள் ஒரு கிழவர் "நோ" என்று சொல்லிவிட்டார். சும்மா பயத்தில் சொன்னது. "சரி, வெளியில இருங்கோ, மனம் வந்தால் வாங்கோ" என்று அனுப்பிவிட்டாள். மனுசன் ஒரு மணித்தியாலம் வெளியில் இருந்து யோசித்துவிட்டு வந்து கையை நீட்டினாராம். அந்த ஒரு மணித்தியாலமும், தன்னோடு வேலை செய்தவர்களிடம் அவள் வாங்கிக்கட்டிய பேச்சு கொஞ்சமில்லை.

என் இரத்தத்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவள்தான் எடுப்பாள். நான் எப்போதும் "ஓம்" என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டு மற்றப் பக்கம் பார்ப்பேன்.

இனி, நான் செய்த வேலைக்கு வருகிறேன்.

அந்த இலையுதிர்காலத்தில் வேல்ஸ் மலையிலிருந்து ஒரு பழுப்புப் பெண்குதிரை வந்தது. சின்ன உருவம், பெரிய கோபம். தொட்டால் சொறிய வைக்கிற ஒரு செடியின் பெயரை லாயத்துக்காரர் ஆங்கிலத்தில் அதற்கு வைத்திருந்தார்கள். நான் காஞ்சோண்டி என்று கூப்பிட்டேன். குளம்புகள் வெட்டாமல் வளர்ந்து, முன்பக்கம் வளைந்து நின்றன. அவற்றை ஆறு கிழமைக்கு ஒருதரம் வெட்டவேண்டும், வெட்டுவதற்கு அது காலைத் தரவேண்டும். காலைத் தருவது கிடக்க, கிட்டவே வராது. எங்கள் பிள்ளை ஒரு மாதம் வேலிக்குள் நின்று "தொடட்டே?" என்று கேட்டாள். ஒரு மாதமும் இல்லை, இல்லை, இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. வாயுள்ள சீவனை இப்படியா பழக்குவது? நாங்கள் யாரையாவது வசப்படுத்தவேண்டுமென்றால் என்ன செய்வோம்? சாப்பாடு கொடுப்போம். குழந்தையோ, கோபித்துக்கொண்டு போன மச்சானோ, கவுன்சிலில் இருந்து வந்த வெள்ளைக்காரனோ, எல்லாருக்கும் ஒரே வைத்தியம்தான். கையால் எதுவும் கொடுக்கக்கூடாது என்று லாயத்து வாசலில் பலகை தொங்கியது உண்மை. அது சும்மா கட்டுப்பாட்டுக்காக எழுதியது என்று நினைத்தேன்.

என் ஜக்கெட் பையில் எப்போதும் பனங்கட்டி இருக்கும். சீனி இல்லாத பிளேன்டீயோடு கடித்துக் குடிக்க எனக்கு அது வேண்டும். மனுசி கண்டால் கொன்றுவிடுவாள் என்பதால் பையில் ஒளித்து வைத்திருப்பேன். ஒருநாள் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து வேலிக்கு மேலால் நீட்டினேன். காஞ்சோண்டி தூரத்தில் நின்று மூக்கை விரித்தது. பிறகு வந்தது. அதன் உதடு என் கையில் பட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இப்படி ஒரு சந்தோசம் எனக்குக் கிடைத்துக் கனகாலம்.

பிறகென்ன, தினமும்தான். பனங்கட்டி, கனிந்த கதலிப்பழம், ஒருமுறை கடையில் வாங்கிய பயத்தம் பணியாரம்கூட. இரண்டு கிழமையில் என்னைக் கண்டதும் அது ஓடிவரத் தொடங்கியது. லாயத்துப் பொறுப்பாளர், கண்டிப்பான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, எனக்கு இயற்கையாகவே கை ராசி இருக்கிறது என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். எங்கள் பிள்ளை மட்டும் என்னையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொறாமை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போதும் வெட்கப்படுகிறேன்.

ஒரு சனிக்கிழமை காஞ்சோண்டி வரவில்லை. நின்ற இடத்திலேயே முன்கால்களை முன்னுக்கு வைத்துக்கொண்டு, பாரத்தையெல்லாம் பின்னால் தள்ளி, நடுங்கிக்கொண்டு நின்றது. மிருக வைத்தியர் வந்தார். மருந்து ஊசி போட்டு நிறுத்தித்தான் குளம்பைத் தொட முடிந்தது. நெருப்பாய்க் கொதிக்கிறது என்றார். இனிப்பு உடம்பில் கூடினால் இந்தச் சாதிக் குதிரைகளுக்குக் குளம்புக்குள் வருகிற வீக்கமாம் அது. குதிரைக்கும் சலரோகக்காரன் மாதிரிப் பத்தியம் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

இதற்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். தண்ணீரில் ஊறவைத்த வைக்கோல் மட்டும்தான் என்றாள் பொறுப்பாளர். அவர் முகம் மாறியது. வைக்கோல் மட்டும் தின்றும் இப்படி வருகிறதென்றால் உடம்புக்குள்ளேயே ஏதோ பழுது, மருந்துக்குக் கட்டுப்படாது. அதோடு காலைத் தொட விடாத குதிரை. வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகவும், சூடு குறையாவிட்டால் வேதனைப்பட விடாமல் தூங்கவைப்பதுதான் தர்மம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். இங்கே தூங்கவைப்பதென்றால் திரும்ப எழும்பாத தூக்கம் என்று உங்களுக்குத் தெரியும்.

எல்லாரும் போன பிறகு அவள் என்னிடம் வந்தாள். "அண்ணை, நீங்கள் ஏதும் குடுத்தனீங்களோ?"

என் பைக்குள் கை இருந்தது. கைக்குள் பனங்கட்டி இருந்தது.

"இல்லைப் பிள்ளை" என்றேன்.

"சரி அண்ணை" என்று போய்விட்டாள்.

ஆண்டவனே, இன்னும் ஒருதரம் கேட்டிருக்கக்கூடாதா? எங்கள் ஆட்கள் என்றால் "உண்மையாவோ?" என்று கேட்டிருப்பார்கள். "உங்கட பிள்ளையாணைச் சொல்லுங்கோ" என்று பிடித்திருப்பார்கள். இரண்டாந்தரம் மழுப்பி, மூன்றாந்தரம் அழுது சொல்லியிருப்பேன். எனக்கு உண்மை சொல்லத் தெரிந்த முறை அதுதான். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் அவள் கேட்பாள் கேட்பாள் என்று லாயத்தைச் சுற்றிச்சுற்றி வந்தேன். அவள் கேட்கவில்லை. நான்தான் சொல்லிவிட்டேனே, இல்லையென்று.

இனிக் கொடுக்காமல் விட்டால் தானாகவே சுகம் வந்துவிடும், ஒருவருக்கும் தெரியத் தேவையில்லை என்று என் கள்ள மனம் கணக்குப் போட்டது. ஆனால் செவ்வாய்க்கிழமையும் அது முன்கால்களை முன்னுக்கு வைத்துக்கொண்டுதான் நின்றது. வைத்தியருக்குக் காரணம் தெரியாதவரை அவர் அந்தக் குதிரையைத் தீராத நோய்க்காரி என்றுதான் பார்ப்பார். காரணம் என் பையில் இருந்தது.

புதன்கிழமை எனக்கு இரத்தப் பரிசோதனை. இலக்கம் கூப்பிட்டதும் போய் அவள் முன்னால் இருந்தேன். சட்டைக் கையை மடித்துவிட்டேன். அவள் பட்டியைக் கட்டி, நரம்பைத் தேடி, ஊசியை எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கேட்டாள். "குத்தட்டே அண்ணை?"

"வேண்டாம்" என்றேன்.

உடனே ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். பட்டியையும் அவிழ்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

"நான்தான் குடுத்தனான் பிள்ளை. பனங்கட்டி. வாழைப்பழம். ரெண்டு மூண்டு கிழமையா, ஒவ்வொரு நாளும். அண்டைக்கு உம்மட்டப் பொய் சொல்லிப்போட்டன்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கு ஒன்று பிழைத்துவிட்டவளைப்போலப் பார்த்தாள்.

"கேட்டனான் அண்ணை" என்றாள். "இல்லை எண்டு சொன்னீங்கள். நான் வைத்தியருக்கும் போன் எடுத்து அப்பிடியே சொல்லிப்போட்டன், எங்கட அண்ணை குடுக்கேல்லை எண்டு."

எழுந்து வெளியே போய் லாயத்துக்குப் போன் எடுத்தாள். கதவுக்கு அப்பால் அவள் குரல் கேட்டது. என் பெயரைச் சொல்லி, நான் கொடுத்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். திரும்பி வந்து கையுறையை மாற்றினாள், பட்டியைக் கட்டினாள். நான் கையை நீட்டிக்கொண்டிருந்தேன். கேட்காமல் குத்தினாள்.

அந்த ஊசி ஒன்றும் மற்ற நாளைவிட அதிகம் நோகவில்லை. ஆனால் பஸ்ஸில் வரும்போது நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த கறுப்பினத்து அம்மா ஒரு டிஷ்யூ எடுத்துத் தந்தாள்.

வைத்தியர் வெள்ளிக்கிழமை வந்தார். காரணம் வெளியில் இருந்து வந்தது என்றால் நம்பிக்கை உண்டு என்றார். ஆறு கிழமை தவணை தந்தார். அதற்குள் வீக்கம் இறங்கவேண்டும். ஊசி போடாமல் குளம்பு வெட்டக் கால் தரவேண்டும். பொறுப்பாளர் என்னை வேலிக்குள் போகவேண்டாம் என்று தடுத்துவிட்டாள். துரத்தாமல் விட்டதே பெரிய விஷயம். வைக்கோலை ஊறவைப்பது, வாளி கழுவுவது, சாணி அள்ளுவது என்று ஒதுங்கிக்கொண்டேன். வீட்டில் மனுசிக்கும் சொல்லிவிட்டேன். "அந்த வாயில்லாச் சீவனுக்கும் உங்கட வியாதியைக் குடுத்துப்போட்டியளே" என்றாள். சரியான பேச்சு.

பிள்ளை என்னோடு கதைக்காமல் விடவில்லை. காலை வணக்கம் சொல்வாள், வாளியை அங்கே வையுங்கோ என்பாள். ஆனால் கேட்கமாட்டாள். தேத்தண்ணி போடட்டே அண்ணை, கதவைச் சாத்தட்டே அண்ணை, இதில இருக்கட்டே அண்ணை என்று ஒரு நாளைக்கு இருபது கேள்வி கேட்கிறவள், என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் பதிலை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். வேலைக்குப் போகமுன் ஒருமுறை, வந்து ஒருமுறை, காஞ்சோண்டியின் பக்கத்தில் போய் நிற்பாள். "தொடட்டே?" இல்லை. போய்விடுவாள். வீக்கம் இறங்க இறங்க அதன் காதும் மெல்ல முன்னுக்கு வரத் தொடங்கியது. மூன்றாம் கிழமை தோளில் கை வைக்கவிட்டது. நாலாம் கிழமை அந்தக் கை தோளிலிருந்து முழங்கால்வரை இறங்கியது. ஐந்தாம் கிழமை "காலைத் தாறியே?" என்று கேட்டபோது தூக்குவதுபோலத் தூக்கிவிட்டு உதைத்தது. "சரி, நாளைக்குக் கேக்கிறன்" என்று மண்ணைத் தட்டிவிட்டு எழும்பினாள்.

குளம்பு வெட்டுகிறவர் வந்த அன்று தூறிக்கொண்டிருந்தது. வைத்தியரும் வந்து நின்றார். பிள்ளை குனிந்து கேட்டாள். காஞ்சோண்டி இல்லை என்றது. பின்னுக்கு வந்தாள். மறுபடி போனாள். இல்லை. வெட்டுகிறவர் மணிக்கூட்டைப் பார்த்தார். கயிற்றால் கட்டித் தூக்கினால் ஒரு நிமிட வேலை என்று மெதுவாகச் சொன்னார். அவள் தலையாட்டி மறுத்தாள். எனக்கோ உள்ளே போய் அந்தக் காலைப் பிடித்து இழுத்துக் கொடுத்துவிடலாம் போல இருந்தது. இழுத்துத் தந்த கால் கணக்கில் வராது என்பது அவளுக்குத் தெரியும், வைத்தியருக்கும் தெரியும்.

மூன்றாந்தரம் அவள் உடனே கேட்கவில்லை. மழையில் அதன் பக்கத்தில் சும்மா நின்றாள். அது மூச்சை நீளமாக விட்டது; மனம் இளகியதுபோல வெறும்வாயை மென்றது. அப்போது குனிந்து முழங்காலுக்குக் கீழே கையை வைத்தாள். கேட்டாளோ, நினைத்தாளோ, எங்களுக்குக் கேட்கவில்லை. காஞ்சோண்டி தானாகக் காலைத் தூக்கி அவள் கையில் வைத்தது. வெட்டுகிறவர் வேலையைத் தொடங்கினார். வைத்தியர் தன் தாளில் ஏதோ எழுதி, பொறுப்பாளரிடம் கொடுத்தார். அவள் அதை வாசித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

குளிர் முடிந்த பிறகு, கென்ட் பக்கத்தில் கழுதை ஒன்றைத் தனியாக வைத்திருந்த ஒரு குடும்பம் வந்து பார்த்தது. அந்தக் கழுதைக்குத் துணை வேண்டுமாம். மூன்றுமுறை வந்து பழகினார்கள். பிறகு ஒரு ஞாயிறு மதியம் ட்ரெய்லரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள். தொண்டர்கள் எல்லாரும் கூடி நின்றோம். பிள்ளை தலைக்கயிறைப் பிடித்துக் காஞ்சோண்டியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வழக்கமாக ஏற்றிவிடுகிறவளும் அவள்தான். என் முன்னால் வந்ததும் நின்றாள்.

"அண்ணை, நீங்கள் ஏத்திவிடுறியளோ?"

நாலு மாதத்துக்குப் பிறகு என்னிடம் கேட்ட முதல் கேள்வி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஓம் என்று சொல்லவேண்டிய இடம்தான் அது. சொன்னால் அழகாக இருந்திருக்கும். கயிறு எனக்கு நேரே நீண்டிருந்தது. குதிரை என் ஜக்கெட் பக்கமாக மூக்கை நீட்டி மோந்து பார்த்தது.

"ஏலாது பிள்ளை" என்றேன். "எனக்கு அழுகை வருது."

"சரி அண்ணை" என்றாள்.

அவளே ஏற்றினாள். கதவு சாத்தினார்கள். ட்ரெய்லர் சதுப்பு வீதியில் மெதுவாகத் திரும்பிப் போனது. மற்றவர்கள் தேத்தண்ணிக்குப் போனார்கள். நான் வாசலில் நின்று, வெட்கத்தை விட்டு, வாய்விட்டு அழுதேன். அவள் உள்ளே போகாமல் நாலடி தள்ளி நின்றாள். அங்கிருந்தே கேட்டாள்.

"பக்கத்தில வந்து நிக்கட்டே அண்ணை?"

"ஓம்" என்றேன்.